பாய்மரத்தின் கீழே ஒரு குடித்தனம்

தமிழரின் கடல் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவன படையெடுப்புகளும் வாணிகப் பெருமைகளுமே. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை செலுத்தியதை நாம் அறிவோம். 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்ததையும் அறிவோம். இவை போற்றத்தக்க செய்திகளே. ஆயினும், சோழர் கலங்களில் உலை வைத்தவர் யார்? குடிநீரை அளந்து கொடுத்தவர் யார்? நள்ளிரவில் சுக்கானைப் பற்றிக்கொண்டு கண் துஞ்சாதிருந்தவர் யார்? இவ்வினாக்களைக் கேட்போர் சிலர். விடை தேடுவோர் அவரினும் சிலர். வரலாறு என்பது வெற்றிகளின் பட்டியல் மட்டுமன்று; அன்றாட வாழ்வின் பதிவும் ஆகும். எனவே, பாய்மரக் கலம் ஒன்றில் மனிதர் எவ்வாறு உண்டனர், உறங்கினர், உழைத்தனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருக்கு இப்பொருள் அயலானது என்று தோன்றலாம். நாமோ, நம் பெற்றோரோ, பாட்டனாரோ, புகைவண்டியில் ஏறித்தான் இந்நகருக்கு வந்தோம். சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் மும்பையிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் 1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் இணைந்தன. ஆனால் இவ்விரு கரைகளுக்கும் இடையிலான தொடர்பு இருப்புப்பாதையால் பிறந்ததன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், மேற்குக் கரையில் 'சுப்பாரா', 'கல்லியேனா' என்ற துறைகளைக் குறிக்கிறது. இவை இன்றைய நாலாசோப்பாராவும் கல்யாணுமே. அதே நூல் தெற்கே 'கொல்கோய்' என்று கொற்கையையும், 'கமரா' என்று காவிரிப்பூம்பட்டினத்தையும் குறிப்பிடுகிறது. நாள்தோறும் நாம் மின்வண்டி மாறும் கல்யாணும், பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கையும் ஒரே மாலுமியின் கையேட்டில் இடம்பெற்றவை. அவற்றை இணைத்தது காற்று.

அக்காற்றின் ஒழுங்கை அறிவதே கடல் வாழ்வின் முதற்பாடம். வெப்ப மண்டலத்து இந்தியக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. கோடையில் ஆசியப் பெருநிலம் கடலினும் மிகுதியாகச் சூடேறுவதும், குளிர்காலத்தில் கடலினும் விரைவாகக் குளிர்வதுமே இதற்குக் காரணம். இக்காற்றைத் தனக்கு ஏவல் கொண்டு நாவாய் ஓட்டிய முன்னோரின் வழிவந்தவன் என்று கரிகாலனைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகிறார். கடற்கரை மக்கள் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் வைத்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். நகரவாசிக்குக் காற்று ஒன்றே. கடலோடிக்கு அது நால்வகைக் குணம் கொண்ட நான்கு விருந்தினர்.

மேற்குக் கரையில் தென்மேற்குக் காற்று நேரே கரையை நோக்கிச் சீறி வருவதால், மழைக்காலம் முழுவதும் பாய்க்கலங்கள் கரையேற்றப்பட்டன. மும்பைக் கோளி மக்கள் ஆவணித் திங்களை ஒட்டி வரும் நாரளிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து மீண்டும் படகு இறக்கும் விழாவின் பொருள் இதுவே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிலைமை வேறு. அவ்வழி ஏறத்தாழ 150 கடல் மைல்; தென்கிழக்கு நோக்கியது. தென்மேற்குக் காற்றாயினும் வடகிழக்குக் காற்றாயினும் அது கலத்தின் பக்கவாட்டில் வந்து மோதும். பாய்க்கலம் விரைந்து ஓடுவதற்கு உகந்த காற்று அதுவே. போவதற்கும் வருவதற்கும் ஒரே காற்றுப் பயன்பட்டமையால்தான் அவ்விரு துறைகளுக்கும் இடையே தோணிப் போக்குவரத்துச் செழித்தது.

இனி, அத்தோணியில் ஏறிப் பார்ப்போம். நூறு டன் முதல் முந்நூறு டன் வரையிலும் அதற்கு மேலும் சரக்கு ஏற்றவல்ல மரக்கலம் அது. வெங்காயம், மிளகாய், உப்பு, ஓடு, கருவாடு எனக் காலத்துக்கும் துறைக்கும் ஏற்பச் சரக்கு மாறும். பலகைகளின் இடைவெளியில் பஞ்சும் கயிறும் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசி நீர் புகாவண்ணம் அடைப்பர். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியில் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து பூசுவர். வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுக்களுக்கு அதுவே தடை. நன்கு பேணினால் மரக்கலம் எத்துணைக் காலம் வாழும் என்பதற்கு மும்பையே சான்று தருகிறது. வாடியா குடும்பத்தார் மும்பைக் கப்பல் தளத்தில் 1817ஆம் ஆண்டில் தேக்கு மரத்தால் கட்டி, திருகோணமலையின் பெயர் சூட்டப்பெற்ற போர்க்கப்பல் ஒன்று, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் நீரில் மிதந்து நிற்கிறது.

தோணியின் தலைவர் தண்டல். அவருக்குக் கீழே பத்துப் பன்னிருவர் இருப்பர். சரக்கே கலத்தின் வயிற்றை நிரப்பிவிடுவதால், மனிதருக்கு எஞ்சுவது மேல்தளமே. அத்தளந்தான் அவர்களுக்குக் கூடம், அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே தொழிற்கூடமும் ஆகும். நகரத்தில் பத்தடி அறையில் எண்மர் வாழ்வதைக் கண்டு வியக்கும் நமக்கு, அதனினும் நெருங்கிய குடித்தனம் ஒன்று கடலில் நடந்தது என்பது புதுமையாகத் தோன்றாது. இடம் குறையும்போது ஒழுங்கு மிகுதல் வேண்டும் என்பதைத் தாராவியின் தெருக்கள் நமக்குக் கற்பித்துள்ளன. தோணியின் தளமும் அதையே கற்பித்தது.

அவ்வொழுங்கின் தலைமையிடம் குடிநீருக்கு உரியது. சுற்றிலும் நீர், பருகுவதற்கோ பீப்பாய்க்குள் இருப்பது மட்டுமே. ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். பருகுவதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் எனக் கொண்டால், பன்னிருவருக்கு 48 லிட்டர் வேண்டும். பத்து நாளைக்கு 480 லிட்டர். எடையில் ஏறத்தாழ அரை டன். நல்ல காற்றில் ஓரிரு நாளில் முடியும் பயணம், காற்று விழுந்துவிட்டால் பல நாள் நீளும். எனவே தண்டலின் முதற்கவலை பாயைப் பற்றியதன்று, பீப்பாயைப் பற்றியது. மழை பெய்தால் பாயை விரித்துப் பிடித்து நீர் சேர்ப்பர். முதலில் விழும் நீர் பாயின் உப்பைக் கழுவுவதால் அதை ஒதுக்கி, பின் வருவதைச் சேமிப்பர். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது யாவும் கடல்நீரிலேயே. தளத்தையும் காலையும் மாலையும் கடல்நீரால் நனைப்பர். அது தூய்மைக்காக மட்டுமன்று. கடும் வெயிலில் பலகை உலர்ந்து சுருங்கினால் இடுக்குகள் திறந்துகொள்ளும் என்பதற்காகவே.

சமையல் அடுத்தது. மரக்கலத்தில் தீ மூட்டுவது எளிய செயலன்று. அடியில் மணல் பரப்பிய மரப்பெட்டிக்குள் அடுப்பை அமைத்து, காற்று மறைவில் வைத்து உலை ஏற்றுவர். அலை மிகும் நாளில் பானையைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். புயல் நாளில் அடுப்பே எரியாது. சோறு, கருவாடு, புளி, மிளகாய் ஆகியவை கரையிலிருந்து வந்தவை. கலத்தின் பின்னால் இழுத்துவரும் தூண்டிலில் சிக்கும் மீன் கடல் தந்த கொடை. உலையில் உப்புக்கு மாற்றாகச் சிறிதளவு கடல்நீரைச் சேர்ப்பதும் வழக்கம். பொதுவாக வயதில் இளையவனே அடுப்பருகில் முதற்பயிற்சி பெறுவான். உணவைப் பங்கிடுவதில் நடுநிலை தவறினால் பாயை இழுக்கும் கைகளில் பிணக்கு நுழையும் என்பதைத் தண்டல்கள் நன்கு அறிந்திருந்தனர். ஒரே பானையிலிருந்து உண்பவரே ஒரே கயிற்றை மனமொத்து இழுக்க இயலும்.

பகலில் ஓய்வு என்பது பெயரளவிற்கே. கிழிந்த பாயைத் தைத்தல், தேய்ந்த கயிற்றை முறுக்கிச் சேர்த்தல், அடித்தளத்தில் ஊறும் நீரை இறைத்தல், சரக்கு நனையாமல் காத்தல் எனப் பணிகள் தொடரும். இவற்றுள் நீர் இறைத்தல் ஒருநாளும் நிற்பதில்லை. எத்துணைச் சிறந்த மரக்கலமாயினும் சிறிது நீர் கசியும். அக்கசிவின் அளவு மாறுகிறதா என்று கவனிப்பதே கலத்தின் நாடி பார்ப்பதாகும்.

இரவில் உறக்கம் தவணை முறையில் வரும். சிலர் விழித்திருக்கச் சிலர் பாயின் நிழலிலோ சரக்கு மூட்டைகளின் மேலோ துயில்வர். சுக்கான் பிடித்தவருக்கு வழிகாட்டிகள் திசைகாட்டும் கருவியும் விண்மீன்களுமே. இங்கே நம் முன்னோரின் அறிவுத்திறன் ஒன்றைக் கூறாமல் இருத்தல் இயலாது. துருவமீன் அடிவானத்திலிருந்து எத்துணைப் பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை. மும்பையில் அது 19 பாகை உயரத்தில் நிற்கும். தூத்துக்குடியிலோ 9 பாகைக்கும் குறைவாக, கடலைத் தொடுவது போலத் தாழ்ந்து நிற்கும். இதை அளக்கச் சிறு பலகை ஒன்றின் நடுவில் கயிறு கோத்து, துறைதோறும் ஒரு முடிச்சு இட்டு வைத்திருந்தனர். அரபு மாலுமிகள் இதனைக் கமால் என்பர். சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்றனர். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்படி பலகையைக் கண்ணெதிரே நீட்டிப் பிடிப்பர். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொட்டால், அம்முடிச்சுக்கு உரிய துறையின் நேர்க்கோட்டில் கலம் வந்துவிட்டது என்று பொருள். தென்துறைகளுக்குக் கயிறு நீளும், வடதுறைகளுக்குக் குறுகும். எழுத்தறியாதவர் என்று நாம் எளிதாக ஒதுக்கிவிட்ட மனிதர் ஒரு முழக் கயிற்றில் ஒரு கடற்கரையையே எழுதி வைத்திருந்தனர்.

இத்தகைய அறிவைத் தொகுத்தளித்த பெருமையில் மும்பைக்கும் பங்குண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக விளங்கிய பி. அருணாசலம், இந்திய மாலுமிகளின் மரபுவழிக் கடலோடும் கலையை ஆராய்ந்து எழுதிய நூல், மும்பையின் கடல்சார் வரலாற்றுக் கழகத்தால் 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது.

கடல் வாழ்வின் இரு பெருந்துன்பங்கள் காற்றின்மையும் கடும்புயலும். காற்று நின்றால் பாய் தொங்கும், தளம் கொதிக்கும், நீர்ப் பீப்பாயின் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். புயலோ எண்ணுதற்கு நேரம் தருவதில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தனுஷ்கோடியை அழித்த புயல் வீசியது தோணிகள் நாளும் ஓடிய கடற்பரப்பிலேதான். முற்காலத்தில் மேகத்தின் நிறத்தையும் அலையின் போக்கையும் பறவைகளின் திசையையும் கொண்டே புயலை முன்னறிந்தனர். பிற்காலத்தில் வானொலியின் வானிலை அறிவிப்பு அவர்களுக்குத் துணையாயிற்று. கரையில் இருப்போர் இசைக்காகக் காத்திருந்த பெட்டியைக் கடலில் இருப்போர் உயிருக்காகக் காத்திருந்து கேட்டனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வாழ்வில் மிகவும் வியப்பூட்டுவது அதன் சொற்களே. தமிழில் தலைமை மாலுமி தண்டல்; மராத்தியில் அவர் தாண்டேல். மும்பைக் கரையில் அது குடிப்பெயராகவும் வழங்குகிறது. நம் சுக்கான் மராத்தியில் சுகாணூ. இரண்டும் அரபுச் சொல்லின் வழிவந்தவை. நம் நங்கூரம் மராத்தியில் நாங்கர். இரண்டிற்கும் மூலம் பாரசீகம். நம் கடற்கரை முஸ்லிம்கள் கப்பல் தலைவரை நாகுதா என்றனர். கோளியர் நாக்வா என்கின்றனர். நம் மாலுமி என்னும் சொல்லே, ஆசிரியன் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மாறாக, நம் கட்டுமரம் ஆங்கிலம் வரை சென்றது. மாலத்தீவினர் தம் படகை இன்றும் தோணி என்றே அழைக்கின்றனர். இச்சொற்களை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. எந்த அரசாணையும் பரப்பவில்லை. இரு மொழியினர் ஒரு துறையில் அருகருகே நங்கூரமிட்டு, நெருப்பும் நீரும் கடன் வாங்கிக்கொண்டபோது, சொற்களும் உடன் கைமாறின. மாஹிம் கழிமுகத்தை அடுத்த தாராவியில் கோளிவாடாவும் தமிழர் குடியிருப்பும் அண்டை அயலாக இருக்கின்றன. அங்கே சந்திக்கும் இரு மொழிகளும் அதற்கு முன்பே கடலில் சந்தித்தவை என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் நலம்.

தமிழ்க் கடலோடிகளின் ஆற்றல் நம் கடலோடு நின்றதுமில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கினார். வல்வைத் தமிழ் மாலுமிகள் அதனை ஓட்டிச் சென்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். ஊர்த் தச்சரின் உளியில் பிறந்த கலம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது.

காலம் மாறியது. 1974ஆம் ஆண்டில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழமான துறையில் பெருங்கப்பல்கள் அணைந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகளும் டீசல் பொறியை ஏற்றன. 1983க்குப் பிந்தைய இலங்கைப் போர்க்காலம் வாணிகத்தை நலித்தது. காற்றை மட்டுமே நம்பிய தோணி மறைந்தது.

பாய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது புதிய கைகளுக்கு மாறியது. 1985ஆம் ஆண்டில் இந்திய ராணுவப் பொறியாளர்கள் 37 அடி நீளமுள்ள 'திருஷ்ணா' என்னும் பாய்ப்படகில் மும்பையிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987இல் திரும்பினர். 2009–2010இல் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே 'மாதேயி' படகில் மும்பையிலிருந்து தனியே உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியரானார். 2012–2013இல் அபிலாஷ் டோமி எத்துறையிலும் தங்காமல் அதே செயலை முடித்தார். 2017–2018இல் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர் 'தாரிணி' படகில் உலகை வலம்வந்தனர். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து அதே தாரிணியில் இருவர் மட்டும் புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இடையில் நான்கு துறைகளில் மட்டும் தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29ஆம் நாள் அவர்கள் திரும்பினர். தோணியின் தளத்தில் பெண்களுக்கு இடமிருந்ததில்லை. அதே கடலில் இன்று இரு பெண்கள் தாமே தண்டலும் தாமே பண்டாரியுமாக நின்றனர்.

இப்படகுகளில் செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது. கடல்நீரை நன்னீராக்கும் பொறி இருக்கிறது. கெடாதவாறு பதப்படுத்திய உணவு இருக்கிறது. ஆயினும் வாழ்வின் சட்டகம் மாறவில்லை. ஒருவர் உறங்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். பொறி பழுதுபட்டால் மழைநீரே தஞ்சம். கிழிந்த பாயைக் கையால்தான் தைக்க வேண்டும். உப்பு ஏறிய உடையும், சாய்ந்தாடும் அடுப்பும், காற்று விழுந்த நாளின் வெம்மையும் அன்று போலவே இன்றும் உள்ளன. புதிய மாலுமிகள் நாள்தோறும் குறிப்பெழுதுகின்றனர்; நிழற்படம் எடுக்கின்றனர்; நூலும் வெளியிடுகின்றனர். அவர்களுடைய அன்றாட வாழ்வு வரலாற்றில் நிலைபெறும். தோணியில் வாழ்ந்தவரோ குறிப்பெழுதவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும், 2013ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் 'கொற்கை'யும் கடலோடிகளைப் புதினத்தில் வாழவைத்தன. எனினும் புதினம் வேறு, பதிவேடு வேறு. இரண்டும் நமக்கு வேண்டும்.

இங்கேதான் பிறமாநிலத் தமிழராகிய நமக்கு ஒரு கடமை உண்டு. மும்பைத் தமிழருள் பெரும் பகுதியினர் நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர். அவர்தம் இல்லங்களில் தோணியில் சென்ற பெரியவர் ஒருவரோ, அவரிடம் கதை கேட்டு வளர்ந்த ஒருவரோ இன்னும் இருக்கக்கூடும். எந்தக் காற்றில் எந்தப் பாயை விரித்தார்கள், கயிறு இழுக்கும்போது என்ன ஓசையிட்டார்கள், நீர் குறைந்தபோது எவ்வாறு பங்கிட்டார்கள் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் கூறும் சொல்லை மாற்றாமல் குறித்துவைப்போமாக. அகராதியில் ஏறாத சொல் அதைச் சொன்னவரோடு மறைந்துவிடும். கல்லில் பொறித்த மெய்க்கீர்த்திகள் அரசரைக் காத்தன. தோணிக்காரரைக் காப்பதற்கு ஒரு பள்ளிக் குறிப்பேடும், கேட்பதற்குப் பொறுமையுள்ள ஒரு மாலைப்பொழுதும் போதும்.